அம்பாரமும் பாக்கெட்டும்



வணிகர்கள் ஒரு பொருளுக்கு விலையை எப்படி முடிவு செய்கிறார்கள், வாங்குகிறவர்கள் அந்த விலைக்கு எப்படி முகம் கொடுக்கிறார்கள் என்று வணிகவியல் மாணவர்களாகிய உங்களிடம் என்னைப் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்புக்குக் கைப்பேசியையும் விமான டிக்கெட்டையும் உதாரணம் காட்டுவதுதான் வழக்கம். பக்கத்திலேயே மரக்காணத்து உப்பளம் இருக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன்? பாடப்புத்தகத்தில் உப்புக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு வரி. விலை ஏறினாலும் இறங்கினாலும் மக்கள் வாங்கும் அளவு மாறாத பொருள், அதாவது தேவை நெகிழ்ச்சியற்ற பொருள். அதை எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அந்த வரி பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இன்று பேச நினைக்கிறேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போய் வருகிறவர்கள் மரக்காணத்தில் வரப்போரமாகக் குவித்து வைத்த உப்பு அம்பாரங்களைப் பார்த்திருப்பீர்கள். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்த உப்பளம் அது. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், ஒரு பக்கம் கழுவேலிச் சதுப்புநிலம். அந்த அம்பாரத்திலிருந்து லாரியில் ஏறும்போது உப்பு கிலோ ஓரிரு ரூபாய்க்குப் போன ஆண்டுகள் உண்டு, மூன்று நான்கு ரூபாயைத் தொட்ட ஆண்டுகளும் உண்டு. அதே சாலையோர மளிகைக்கடையில் பெயர்பெற்ற கம்பெனியின் தூள் உப்புப் பாக்கெட் கிலோ இருபத்தைந்து ரூபாயைத் தாண்டிவிட்டது. இரண்டும் சோடியம் குளோரைடுதான். கழுவுவது, அரைப்பது, உலர்த்துவது, அயோடின் சேர்ப்பது, பை, வண்டிவாடகை, கடைக்காரர் கமிஷன் என்று எல்லாச் செலவையும் தாராளமாகவே கூட்டிப் பாருங்கள். அப்போதும் கணக்கு இடிக்கிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலை சொல்வதற்கு ஒருவருக்கு இரண்டு வசதிகள் வேண்டும். விற்காமல் காத்திருக்கும் வசதி ஒன்று. தன் பேரைச் சொல்லி விற்கும் வசதி மற்றொன்று. நீங்கள் படிக்கும் விலை உத்திகள் அத்தனையும் இந்த இரண்டும் கையில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. அளத்துக்காரருக்கு முதலாவது அரைகுறையாக உண்டு. இரண்டாவது அறவே கிடையாது.

அரைகுறை என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு அளத்துக்குள் இறங்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரியில் பாத்திகளில் தேங்கிய மழைநீரை வடிப்பதில் வேலை தொடங்குகிறது. சேற்றை அள்ளி வரப்பில் அப்பி, பாத்தியின் அடித்தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். அந்தத் தரை இறுகவில்லை என்றால் உப்போடு சேறும் வரும், விலையில் வெட்டு விழும். பிறகு உவர்நீரைப் பெரிய பாத்தியில் தேக்கி, அங்கிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று வெயிலில் காயவிட்டுக்கொண்டே நகர்த்துகிறார்கள். நீரின் அடர்த்தியை டிகிரியில் சொல்வார்கள். இருபத்தைந்து டிகிரி ஆனால் உப்பு கட்டத் தொடங்கும். முப்பதை நெருங்கிவிட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பு ஏறிவிடும், அதற்குள் நீரை வெளியேற்றியாக வேண்டும். நீண்ட கழியில் பொருத்திய பலகையால் உப்பை இழுத்துக் கரை சேர்த்து, கூடையில் அள்ளித் தலைச்சுமையாக வரப்புக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். அந்தத் தலைச்சுமை பெரும்பாலும் பெண்களுடையது.

ஏப்ரல், மே, ஜூனில் வெயில் ஏற ஏற எல்லாப் பாத்தியிலும் ஒரே நேரத்தில் உப்பு விளைகிறது. எல்லார் உப்பும் ஏறக்குறைய ஒரே உப்புதான். தூத்துக்குடியிலும் அதே நேரத்தில் அதே விளைச்சல். இந்தியாவின் உப்பில் முக்கால் பங்குக்கு மேல் தரும் குஜராத்திலும் அதுவே உச்சப் பருவம். விலை பாதாளத்துக்குப் போகும் மாதங்கள் இவை. வியாபாரி போனில் சொல்லும் விலைதான் அன்றைய விலை. அளத்துக்காரர் தன் செலவுக் கணக்கை எடுத்துக்காட்டி விலை கேட்க முடியாது, ஏனென்றால் அடுத்த வரப்பில் இன்னொருவர் அம்பாரத்தோடு நிற்கிறார். செலவின் மேல் லாபம் வைத்து விலை சொல்லும் முறையைப் பற்றி நாம் வகுப்பில் படிக்கிறோமே, அது இங்கே ஒரு கிலோ உப்பைக்கூட விற்றுத் தராது.

அளத்துக்காரர் கையில் இருக்கும் ஒரே உத்தி காத்திருப்பது. அம்பாரத்தைப் பனையோலையாலோ தார்ப்பாயாலோ மூடி, அக்டோபர் மழை வரும்வரை விற்காமல் வைத்திருப்பது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்று ராசியில்லாதவனைப் பற்றி ஒரு பழமொழி சொல்வோம். அது தெருவில் கூவி விற்பவரின் புலம்பல். இருப்பு வைத்திருப்பவருக்குக் கதை வேறு. மழை விழுந்தால் உற்பத்தி நிற்கும், உற்பத்தி நின்றால் விலை ஏறும், ஆகவே அவர் வானத்தைப் பார்த்து மழைக்கு வேண்டிக்கொள்வார். ஆனால் அளவோடு வேண்டிக்கொள்ள வேண்டும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளக்காடாயின. அப்படிப்பட்ட மழையில் அம்பாரத்தின் அடி கரையும், மேலே என்ன மூடியிருந்தும் பிரயோசனமில்லை.

காத்திருக்கும் வசதியும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. பருவத் தொடக்கத்தில் பாத்தி செப்பனிடவும், என்ஜினுக்கு டீசல் போடவும், கூலி கொடுக்கவும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், மே மாதம் அவர் சொன்ன விலைக்குச் சரக்கைத் தூக்கிக் கொடுத்தாக வேண்டும். கடனில்லாதவர் நவம்பர்வரை தாங்குவார். ஒரே வரப்பின் இருபுறமும் ஒரே உப்பு இரண்டு விலைக்குப் போவதற்குக் காரணம் உப்பில் இல்லை, முன்பணம் வாங்கிய கையெழுத்தில் இருக்கிறது.

இனி, விலை சொல்லும் அதிகாரம் முழுமையாக ஒருவர் கையில் இருந்தால் அவர் என்ன செய்வார்? அதற்கும் இந்தக் கரையிலேயே ஆதாரம் இருக்கிறது. 1805ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி மதராஸ் மாகாணத்தில் உப்பைத் தன் முற்றுரிமை ஆக்கிக்கொண்டது. விளைவித்தவருக்குக் குடிவாரம் என்று கம்பெனி நிர்ணயித்த ஒரு தொகை. வாங்குகிறவருக்குக் கரிசை 70 ரூபாய் என்று ஒரே விலை. ஒரு கரிசை என்பது 120 மணங்கு. நான்கே ஆண்டுகளில், 1809இல், அதை 105 ரூபாய் ஆக்கினார்கள். பாதிக்குப் பாதி ஏற்றம். போட்டியில்லாத விற்பனையாளருக்குப் பயம் ஒன்றுதான், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மலிவுச் சரக்கு நுழைந்துவிடுமோ என்பது. அந்த வேலி மரக்காணத்துக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருந்தது, பிரெஞ்சுப் புதுச்சேரி.

அதற்குக் கம்பெனி கண்ட வழி விலை உத்தியின் வரலாற்றில் தனியிடம் பெற வேண்டியது. 1815 மார்ச்சில் லண்டனில் ஓர் ஒப்பந்தம். பிரெஞ்சு எல்லைக்குள் விளையும் உப்பை வாங்கும் உரிமை முழுவதும் ஆங்கிலேயருக்கு, ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய். மூன்று ஆண்டு கழித்து, 1818இல், இன்னோர் ஒப்பந்தம். இந்த முறை பிரெஞ்சுப் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தச் சொல்லி, அளத்துக்காரர்களுக்கு நட்ட ஈடாக ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன். போட்டியாளரைவிட மலிவாக விற்பது ஒரு வழி. போட்டியாளருக்குப் பணம் கொடுத்துக் கடையை மூடவைப்பது இன்னொரு வழி. இன்றைய போட்டிச் சட்டங்கள் எதைக் குற்றம் என்று சொல்கின்றனவோ, அதை இரண்டு அரசாங்கங்கள் முத்திரை குத்திச் செய்துகொண்டன.

வங்காளத்தில் நடந்தது வேறு வகை. அங்கே இங்கிலாந்தின் செஷயர் உப்பு லிவர்பூலிலிருந்து கப்பலேறி வந்து இறங்கியது. இந்தியாவிலிருந்து கனமான சரக்கு ஏற்றிச் செல்ல வரும் கப்பல்களுக்கு வரும் வழியில் அடிப்பாரம் தேவை. அதற்கு உப்பைப் போட்டுக்கொண்டார்கள், ஆகையால் கப்பல் வாடகை சொற்பம். உப்பு மாதிரி மலிவான, கனமான பொருளில் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வண்டிவாடகைதான். மரக்காணத்துக்கு இன்றைக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுப்பது அதுவே. தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு லாரி அறுநூறு கிலோமீட்டர் ஓட வேண்டும், மரக்காணத்திலிருந்து சுமார் நூற்றிருபதுதான். உப்பின் தரத்தில் தூத்துக்குடியை விஞ்ச முடியாவிட்டாலும், டீசல் செலவில் விஞ்சலாம்.

சரி, வாங்குகிறவர்கள் என்ன செய்தார்கள்? ஆங்கில அரசு உப்பு வரியை மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து 1903இல் இரண்டு ரூபாயாகவும், 1905இல் ஒன்றரையாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் இறக்கியது. 1903க்கும் 1908க்கும் இடையில் உப்பு நுகர்வு 25 சதவீதம் உயர்ந்ததாக அக்காலத்துப் பதிவு சொல்கிறது. ஐந்து ஆண்டில் மக்கள்தொகை அப்படிப் பெருகிவிடவில்லை. அதுவரை உப்பைக் கிள்ளிப் போட்டவர்கள் அள்ளிப் போட்டார்கள், மாட்டின் கழுநீரிலும் ஊறுகாய்ப் பானையிலும் உப்பு விழுந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். விலை மாறினாலும் அளவு மாறாத பொருள் என்ற வரி வயிறு நிறைந்தவர்களின் வீட்டை வைத்து எழுதப்பட்டது. கஞ்சிக்கு உப்பைத் தவிர வேறு தொட்டுக்கை இல்லாத வீட்டில் உப்பு விலை மாறினால் அளவும் மாறும்.

இன்னொன்றும் கவனியுங்கள். 1930இல் வரி மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய். மணங்கு என்பது 37 கிலோவுக்குச் சற்று மேல். ஒருவர் ஆண்டுக்கு ஐந்தரைக் கிலோ உப்பு உண்டார் என்று வைத்துக்கொண்டால் வரி மூன்று அணாவுக்குப் பக்கம் வருகிறது. இந்த மூன்று அணாவுக்காகவா காந்தி தண்டிக்கு நடந்தார்? ராஜாஜி அந்த ஏப்ரல் வெயிலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களை நடத்திக்கொண்டு போனார்? வருமானக் கணக்கில் பார்த்தால் பொருந்தாது. கடல் கொடுப்பதை எடுக்கக்கூடாது என்று சொல்வது அநியாயம் என்ற எண்ணம்தான் மக்களை நடக்கவைத்தது. 1947இல் அந்த வரி ஒழிந்தது.

விலையில் நியாயம் பார்க்கும் இந்தக் குணத்தைப் பொருளியல் வெகுநாள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 1986இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 15 டாலருக்குப் பனி அள்ளும் மண்வெட்டி விற்கும் கடைக்காரர், பனிப்புயல் அடித்த மறுநாள் காலை அதை 20 டாலர் ஆக்குகிறார், இது நியாயமா என்று கேட்டார்கள். 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். தேவை கூடினால் விலை கூடும் என்று படித்த நாம் கடைக்காரர் பக்கம் நிற்போம். வாங்குகிறவர் நிற்க மாட்டார், நினைவில் வைத்துக்கொள்வார்.

நம் நாட்டு உதாரணம் 2016 நவம்பரில் நடந்தது. பெரிய நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த சில நாட்களில் வட மாநிலங்களில் உப்புக்குத் தட்டுப்பாடு என்று ஒரு புரளி கிளம்பியது. கையில் பணமில்லாத நேரத்தில் மக்கள் வரிசையில் நின்று உப்பு வாங்கினார்கள். சில இடங்களில் கிலோ இருநூறு ரூபாய்க்கு மேல் போனது. நாட்டில் உப்புக்குக் குறைவில்லை என்று மத்திய அரசு அறிக்கை விட வேண்டியிருந்தது. விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது விதி. இங்கே விலை ஏறியதே புரளிக்குச் சாட்சியாகி, வாங்குவது கூடியது. மாதம் ஒரு கிலோ உப்பு வாங்கும் வீட்டுக்கு இருநூறு ரூபாய் பெரிய தொகைதான், ஆனால் உப்பே இல்லாமல் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது பாக்கெட்டுக்கு வருவோம். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், மளிகைக்கடையில் உப்பு மூட்டை கடைக்கு வெளியேதான் கிடக்கும். இரவு கடையைப் பூட்டும்போதும் அதை உள்ளே இழுத்துப் போட மாட்டார்கள். திருடிக்கொண்டு போகிற அளவுக்கு அதற்கு மதிப்பில்லை. தெருவில் வண்டியில் கொண்டுவந்து படிக்கணக்கில் அளந்து போடுவார்கள். கல் பெரிதாக இருந்தால் படியில் இடைவெளி விழும். அளக்கிறவருக்கு அது தெரியும், வாங்குகிற பெண்களுக்கும் தெரியும். படியைத் தலைகூட்டி அளக்கச் சொல்வார்கள்.

1983இல் டாடா உப்பு வந்தது. அதன் பிறப்பே ஒரு துணைவிளைவு. குஜராத்தின் மித்தாப்பூரில் சோடா சாம்பல் ஆலையின் கொதிகலன்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்று கடல்நீரைக் காய்ச்சினார்கள், தூய உப்பு மிஞ்சியது. மிஞ்சியதைப் பையில் அடைத்துப் பேர் வைத்து, அயோடின் சேர்த்ததென்று சொல்லி நாடெங்கும் விற்றார்கள். அடுத்த பத்தாண்டில் நம் தூத்துக்குடிப் பக்கத்துச் சாகுபுரத்தில் ஆலை வைத்திருக்கும் டிசிடபிள்யூ நிறுவனம் கேப்டன் குக் என்ற பெயரில் கட்டியாகாமல் பொலபொலவென்று கொட்டும் உப்பு என்று விளம்பரம் செய்தது. இந்துஸ்தான் லீவர் அன்னபூர்ணா என்று இறங்கியது. மழைக்காலத்தில் ஜாடியில் நீர்விட்டுப்போகும் கல்லுப்பைப் பார்த்துச் சலித்தவர்களுக்குக் கொட்டும் உப்பு ஓர் அதிசயம்.

பெயரின் விலை எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? 2023இல், பழைய இந்துஸ்தான் லீவரான இந்துஸ்தான் யூனிலீவர், தன் அன்னபூர்ணா, பின்னாளில் தன் கைக்கு வந்துவிட்ட கேப்டன் குக் ஆகிய இரண்டு பெயர்களையும் 60.4 கோடி ரூபாய்க்கு விற்றது. கைமாறியவை வணிகச் சின்னங்களும் அவற்றைச் சார்ந்த உரிமைகளும். அந்த நிறுவனம் வேண்டாமென்று கழித்த பெயர்களுக்கே இவ்வளவு.

வாங்குகிறவர் ஏன் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நம் ஆட்கள் தலைக்கு ஒரு நாளைக்குப் பத்து கிராமுக்குச் சற்று மேல் உப்பு உண்கிறார்கள். ஐந்து கிராமுக்குள் நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், யார் கேட்கிறார்கள்! நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஒன்றேகால் கிலோ. கிலோ பன்னிரண்டு ரூபாய் உப்பிலிருந்து இருபத்தெட்டு ரூபாய் உப்புக்கு மாறினால் மாதம் இருபது ரூபாய் கூடுதல். ஒரு வேளை டீச் செலவு. அந்த இருபது ரூபாய்க்கு வீட்டுக்காரம்மாவுக்குக் கிடைப்பது பிள்ளைகளுக்குக் கழுத்துக் கழலை வராது, உப்பில் மண் இருக்காது என்ற நிம்மதி. அயோடினைக் கண்ணால் பார்க்க முடியாது, நாவால் உணர முடியாது, தின்று முடித்த பிறகும் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பொருளில் விலையையே தரத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். மலிவாக இருந்தால் சந்தேகம் வருகிறது.

2006இல் அயோடின் சேர்க்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு நாடு முழுவதும் தடை வந்தது. ஆலையில் பத்து லட்சத்தில் 30 பங்கு, வாங்குகிறவர் கைக்கு வரும்போது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. மருத்துவக் காரணம் சரியானது, அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் விலையதிகாரம் யார் கைக்குப் போனது என்று பாருங்கள். அதுவரை அம்பாரத்து உப்பை நேரே தெருவுக்குக் கொண்டுபோய் விற்க ஒரு வழியாவது இருந்தது. தடைக்குப் பிறகு மரக்காணத்து உப்பு ஒன்று அயோடின் கலக்கும் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கருவாட்டுக்கும் தோல் பதனிடவும் ரசாயன ஆலைக்கும் போக வேண்டும். உண்பவரும் விளைவிப்பவரும் சந்திக்கும் கடைசி இடம் மூடப்பட்டது. இத்தனைக்கும் அயோடின் சேர்ப்பது மலையைப் புரட்டும் வேலை இல்லை. ஒரு கிலோ பொட்டாசியம் அயோடேட் ஏறத்தாழ 20 டன் உப்புக்குப் போதும். பணம் செல்வது தெளிக்கும் இயந்திரத்துக்கும், பரிசோதனைக்கும், உரிமத்துக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைக்காரர் அந்தப் பையைக் கண்ணில் படும்படி வைப்பதற்கும்தான். பெரிய பேர் உள்ள பாக்கெட்டில் கடைக்காரருக்குக் கிடைக்கும் கமிஷன் குறைவு, கேள்விப்படாத பேரில் அதிகம். ஆகவே "இதுவும் நல்லா இருக்கும்மா" என்று அவர் எடுத்து நீட்டும் உப்பை வைத்து அவருடைய லாபத்தை ஊகிக்கலாம்.

பேரும் பணமும் இல்லாதவர் விலையை ஆயுதமாக்கிப் பிழைத்த கதை இந்தக் கரையிலேயே இருக்கிறது, கொஞ்சம் தெற்கே, கடலூரில். சின்னிகிருஷ்ணன் என்பவர் பேதி உப்பையும் முகப்பவுடரையும் கூலிவேலை செய்பவரும் வாங்கும்படி சின்னச் சின்னப் பொட்டலங்களில் விற்கலாம் என்று நினைத்தவர். பாட்டிலில் மட்டும் கிடைத்துவந்த ஷாம்பூவைச் சாஷேவில் அடைக்கும் வழி அந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தனியே தொடங்கியதுதான் சிக் ஷாம்பூ, பின்னாளின் கெவின்கேர். எந்தக் கம்பெனியின் காலிச் சாஷேக்களைக் கொண்டுவந்தாலும் சிக் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார். பெண்கள் பழகிய பிறகு, சிக்கின் காலிச் சாஷேக்களுக்கு மட்டும்தான் என்று மாற்றினார். பின்னர் ஐம்பது பைசாவுக்கும் சாஷே வந்தது. அவர் விலையை வைத்தது ஷாம்பூவின் அடக்கத்தைப் பார்த்து மட்டும் இல்லை, வாங்குகிறவரின் முந்தானை முடிச்சில் என்ன நாணயம் இருக்கிறது என்பதைப் பார்த்து. விலையை முதலில் நிறுத்திவிட்டுப் பொருளை அதற்குள் அடக்கினார். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஆண்டுக்காண்டு மெலிவதும் இதே கணக்கின் மறுபக்கம். விலை நகர்ந்தால் கண்ணில் குத்தும், கிராம் நகர்ந்தால் யாரும் தராசைத் தேடுவதில்லை. பாக்கெட்டில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்?

உப்பு வியாபாரிக்கு இந்த சாஷே வழி உதவாது, ஏனென்றால் உப்பு ஏற்கெனவே எல்லார் முடிச்சிலும் உள்ள காசுக்கு அடங்கிவிட்டது. அவருக்கு இருப்பது மேலே ஏறும் படிகள் மட்டும். சாதாரண அயோடின் உப்பு, இரும்புச்சத்தும் சேர்த்த உப்பு, சோடியம் குறைத்த உப்பு என்று படி வைப்பது. 2014இல் தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்து உப்பை அம்மா உப்பு என்ற பேரில் கொண்டுவந்தபோது அரசும் அதைத்தான் செய்தது. மூன்று வகை, மூன்று விலை, ஒவ்வொன்றும் வெளிச்சந்தையைவிடக் குறைவு. படியின் உச்சியில் இந்துப்பு உட்கார்ந்திருக்கிறது. பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்துக் கல், 2025இல் இறக்குமதிக்குத் தடை வரும்வரை, இளஞ்சிவப்பு நிறத்துக்காகவே சாதா உப்பைப் போலப் பல மடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருள்கள் மீது இந்தியா 200 சதவீதம் சுங்கவரி போட்ட பிறகும் அதன் மோகம் குறையவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தூள் உப்பில் ரசாயனம், கல்லுப்புதான் நல்லது என்று இப்போது ஒரு பேச்சு பரவியிருக்கிறது. கடைக்கு வெளியே மூட்டையில் அநாதையாகக் கிடந்த அதே கல்லுப்பு, பழுப்புக் காகிதப் பைக்குள் புகுந்து, தூள் உப்பைவிடக் கூடுதல் விலைக்கு அலமாரியின் மேல்தட்டில் ஏறியிருக்கிறது. அந்தப் பையில் மரக்காணம் என்று ஊர்ப்பெயர் அச்சிட்டு நான் பார்த்ததில்லை.

சங்கப் பாட்டில் உப்புக்கு விலை நெல். நெய்தல் நிலத்துப் பெண் உப்புக்கு நெல் அளவுக்கு அளவு சமம் என்று தெருவில் கூவி விற்கும் காட்சி அகநானூற்றில் உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இந்த மரக்காணமே என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2024-25இல் சாதா நெல்லுக்கு மத்திய அரசு வைத்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டால் 2,300 ரூபாய், கிலோ 23. அளத்தில் உப்பு அதில் ஆறில் ஒரு பங்கை எட்டினால் அது நல்ல ஆண்டு. நெல்லுக்கு ஆதரவு விலை சொல்ல ஒரு அரசு இருக்கிறது. உப்புக்கு அப்படி யாரும் இல்லை.

இங்கே ஒரு நடைமுறை யோசனையைச் சொல்லி முடிக்கிறேன். நெல், மிளகாய், பருத்தி விளைவிப்பவர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கை வைத்துவிட்டு, அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கிக்கொண்டு, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். உப்பு பாத்தியில் விளைந்தாலும் அரசின் கணக்கில் அது தொழிற்பொருள். அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலின் 58ஆவது இனம். ஆகவே வேளாண்மைக்கு உள்ள இந்த வாசல் அதற்குத் திறப்பதில்லை. மழைமாதங்களில் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது. நல்ல காரியம், அடுப்பு எரியும். ஆனால் அது அம்பாரத்தின் விலையைத் தொடாது.

அதே பொருளீட்டுக் கடனை உப்பு அம்பாரத்தின்மேலும் கொடுக்க வேண்டும் என்பதே என் யோசனை. கணக்குக்காக எண்களைக் கற்பனையாக வைத்துப் பார்ப்போம். ஒருவரிடம் 100 டன் உப்பு. மே மாதம் விற்றால் டன் 1,500 ரூபாய், மொத்தம் ஒன்றரை லட்சம். அவர் அதன்மேல் 90,000 ரூபாய் கடன் வாங்கி முன்பணத்தை அடைத்துவிட்டு நவம்பர்வரை காத்திருக்கிறார். வட்டி பன்னிரண்டு சதவீதம் என்றால் ஆறு மாதத்துக்கு 5,400. மேடை, தார்ப்பாய் வகையில் 10,000. பத்து டன் கரைந்து போகட்டும். மீதி 90 டன் 2,500 ரூபாய்க்குப் போனால் இரண்டே கால் லட்சம். செலவெல்லாம் போக மே மாதத்தைவிட ஏறக்குறைய அறுபதாயிரம் அதிகம்.

எல்லோரும் காத்திருந்தால் நவம்பரில் விலை ஏறாதே என்று நீங்கள் கேட்பீர்கள், கேட்கவும் வேண்டும். உண்மைதான். நவம்பர் விலை இறங்கும். ஆனால் மே மாதம் சந்தைக்கு வரும் சரக்கு குறைவதால் மே விலை ஏறும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். முன்பணம் கொடுத்து மே மாதம் பாதி விலைக்குச் சரக்கெடுத்துக் கிடங்கில் அடுக்கி வைத்திருப்பவர் இன்று அந்த இடைவெளியில்தான் சம்பாதிக்கிறார். அம்பாரத்தின்மேல் கடன் என்ற பேச்சு எழுந்தால் முதல் எதிர்ப்பு வங்கியிலிருந்து வராது, அவரிடமிருந்துதான் வரும்.